முப்பத்தோராம் நம்பர்

தேத்தண்ணிக்குப் பால் விடுவதற்கு முன் அவர் போத்தலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். அன்று காலையில் நான்தான் அதை வாங்கி வந்திருப்பேன். திகதி பெரிய எழுத்தில் இருக்கும். மூடியை அவருக்கு முன்னால்தான் திறந்திருப்பேன். அப்படியிருந்தும் மோந்து பார்ப்பார்.

"இண்டைக்கு வாங்கினது அண்ணை" என்பேன்.

"ம்ம்" என்பார். பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். "சரி, இப்ப உண்மையைச் சொல்லும்."

இது அவருடைய வாய்ப்பாடு. யார் எதைச் சொன்னாலும் முதலில் "ம்ம்", பிறகு இது. கிரேன் ஓட்டுகிறவன் சங்கிலியைச் சோதித்துவிட்டேன் என்றாலும் இதுதான், எனக்குக் காய்ச்சல் என்றாலும் இதுதான். இங்கிலீஷிலும் அப்படியே சொல்லுவார். வெள்ளைக்காரர் முதலில் கோபித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் நின்று ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிட்னியில் ஆற்றங்கரையோரம் இருந்த ஒரு கப்பல் கட்டும் கொம்பனி அது. இரண்டு சகோதரர்கள் சிப்பி வளர்ப்பவர்களுக்கு மரப்படகு செய்து கொடுத்துத் தொடங்கியது என்று சொல்லுவார்கள். நான் 2009 இல் வேலைக்குச் சேர்ந்தபோது இரும்புப் பார்ஜ், இழுவைப் படகு, ஜெட்டி, மிதக்கும் துறை என்று எல்லாம் செய்தார்கள். வரைபடங்களுக்கும் சோதனைத் தாள்களுக்கும் இலக்கம் போட்டு அடுக்கி வைப்பது என் வேலை. அவர் வெல்டிங் இன்ஸ்பெக்டர். இரும்புத் தகட்டோடு தகடு ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் பார்த்துச் சரி, பிழை சொல்வது அவர் வேலை. அந்த யார்ட்டில் அப்போது தமிழர் என்று நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த வேலைக்கென்றே பிறந்தவர் என்று சொல்லலாம். ஒட்டைச் சோதிக்கும் மெஷின் சரியென்று காட்டினாலும் அவர் டோர்ச்சைச் சரித்துப் பிடித்து, குனிந்து, நகத்தால் ஒட்டின் மேல் மெதுவாகக் கீறிக்கொண்டு போவார். சந்தேகம் வந்தால் சோக்கால் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு யார்ட்டில் எல்லோருக்கும் பயம். அதை வெட்டி எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும், எத்தனை மணி ஆனாலும்.

ஒருநாள் ஹோம்புஷில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு என்னையும் என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனார். தோசை வந்ததும் கரண்டியால் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். பரிமாறியவன் தமிழ்நாட்டுப் பையன், படிக்க வந்தவன்.

"சாம்பார் இண்டைக்கு வைச்சதோ தம்பி?"

"ஆமா சார், காலைல வச்சது."

"ம்ம். சரி, இப்ப உண்மையைச் சொல்லும்."

அவன் முழித்தான். சமையல்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நேத்து வச்சது சார்" என்றான். எழுந்து போகப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் சாம்பாரைத் தோசை மேல் நன்றாக ஊற்றிக்கொண்டார். இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கினார். "உண்மை சொல்லுறவன் நஞ்சு வைக்க மாட்டான்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் என் கணவர் கேட்டார், "உந்த மனிசன் ஆர்? எந்த ஊர் எண்டாவது சொன்னவரோ?"

சொன்னதில்லை. கொழும்பில் கப்பல் டொக்கில் வேலைக்கு நின்றவர், பிறகு பல வருடம் சிங்கப்பூரில் நின்றவர் என்பது மட்டும் தெரியும். கல்யாணம் கட்டினாரா என்று யாருக்கும் தெரியாது. கோயிலுக்கு வரமாட்டார். படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தமிழர் நிறைய இருக்கும் கிரவீனில் எனக்குத் தெரிந்த அன்ரி ஒருவர் அவர் ஆமிப் பக்கத்து ஆள் என்றார். அதே தெருவில் இன்னொருவர் இல்லை, இயக்கத்து ஆள் என்று சத்தியம் பண்ணினார். ஊரில் சண்டை முடிந்த கையோடு இருந்த காலம் அது. புதிதாக ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் முதலில் சிரிப்பு வராது, கேள்விதான் வரும். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒளிக்க என்ன இருக்கிறது?

மூன்றாவது தமிழர் பிறகு வந்தார். படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, விசா முடிவுக்குக் காத்திருந்தவர். நாற்பது தாண்டியவர். யார்ட் கூட்டுவது, துருப் பிடித்த இரும்பைத் தேய்ப்பது, குப்பை அள்ளுவது அவர் வேலை. மன்னார்க்காரர் என்பதால் நாங்கள் மன்னார் என்றே கூப்பிட்டோம், வெள்ளைக்காரரும் அதையே அவருடைய பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். மனைவியும் மகளும் அங்கே இருந்தார்கள். அவருக்கு வேலை இருந்தால்தான் அந்த இரண்டு பேருக்கும் அடுப்பு எரியும்.

இன்ஸ்பெக்டர் அண்ணைக்கு ஏனோ மன்னாரைக் கண்டால் இரண்டு மடங்கு கடுமை. ஆட்களுக்கு முன்னால் ஏசுவார். "கூட்டின இடம் உதோ? இப்ப உண்மையைச் சொல்லும், கூட்டினனீரோ?" மன்னார் தலையைக் குனிந்துகொண்டு திரும்பக் கூட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொந்த நாட்டுக்காரனை இப்படி நடத்துகிறாரே, இவர் என்ன மனிதர் என்று நினைப்பேன்.

பொஸ், அந்தச் சகோதரர்களில் ஒருவரின் பேரன், ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கொம்பனியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போகிறோம், பழைய பெட்டிகள் எல்லாம் ஒரு கொன்டெயினரில் கிடக்கின்றன, நீதான் தோண்டி எடுத்துத் தர வேண்டும் என்றார். எனக்குப் பெரிய சந்தோசம். இலக்கம் போட்டு அடுக்குகிறவளை வரலாறு எழுதச் சொன்னால் சும்மாவா இருப்பாள்? கப்பல் படங்கள் எல்லோரும்தான் போடுகிறார்கள், கடைசிப் பக்கங்களில் இங்கே வெல்டிங் செய்த ஒவ்வொருவரின் பெயரும் நம்பரும் போடுவோம் என்று நானே யோசனை சொன்னேன். பொஸ் மேசையில் தட்டி, அருமை என்றார்.

நம்பர் விசயத்தைச் சொல்ல வேண்டும். அங்கே வெல்டிங் செய்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. விரல் நீள இரும்பு அச்சு ஒன்று, நுனியில் அந்த நம்பர். தான் போட்ட ஒட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துச் சுத்தியலால் தட்டினால் இரும்பில் பதிந்துவிடும். நாளைக்கு ஒட்டு வெடித்தால் யார் போட்டது என்று தேடத் தேவையில்லை. ஓய்வு பெறுகிற அன்று கேக் வெட்டியபிறகு, தேத்தண்ணி அறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு தகட்டில் அந்த ஆள் தன் நம்பரைக் கடைசித் தடவையாகத் தட்டுவார், எல்லோரும் கை தட்டுவார்கள். அந்த நம்பர் பிறகு யாருக்கும் கொடுக்கப்படாது. அச்சு இன்ஸ்பெக்டரின் அலமாரிக்குள் போகும். அதன் பூட்டுத் திறப்பு அவருடைய இடுப்பில்.

நான் நம்பர் லிஸ்ற் போடுகிறேன் என்று கேள்விப்பட்டதும் அவர் என் அறைக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"நம்பர் லிஸ்ற் உமக்கேன் பிள்ளை? வடிவான கப்பல் படமாப் பாத்துப் போடும்."

"வேலை செய்தாக்களின்ர பேரும் வரவேணும்தானே அண்ணை."

"ஆருக்கு வரவேணும்? வாசிக்கிற ஆக்களுக்கு உதில என்ன இருக்கு?"

அவர் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று அவரிடமிருந்தே படித்திருந்தேன். அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தாள்களைப் பார்த்தேன்.

முப்பத்தோராம் நம்பர் ஒரு மால்டாக்காரக் கிழவருடையது. நான் வேலைக்கு வருவதற்கு முந்தின வருடம் ஓய்வு பெற்றவர். சுவர்த் தகட்டில் முப்பத்தொன்று தெளிவாக இருக்கிறது, கேக் வெட்டிய படமும் பெட்டியில் இருக்கிறது. அவர் இறந்துபோனதாகவும் கேள்வி. ஆனால் 2012 இல் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த மிதக்கும் துறையின் சோதனைத் தாளில் முப்பத்தொன்று இருந்தது. ஒரு இடத்தில் அல்ல. மூன்று தாள்களில், வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் கீழே இன்ஸ்பெக்டரின் கையெழுத்து.

அந்தத் துறையை ஆற்றின் மேல்பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டப்போகிறார்கள். அங்கேதான் என் மகனின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படகோட்டப் பழக வருகிறார்கள். நாற்பது ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அதன் மேல் நிற்பார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கமராவை எடுத்துக்கொண்டு போனேன். துறையைக் கவிழ்த்துத் தாங்கிகளில் வைத்திருந்தார்கள், இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். 31. இரண்டு முழம் தள்ளி மறுபடி 31. பதிந்த இடத்தில் இரும்பு புதிதாகப் பளபளத்தது. பழைய மனிதர் எழுந்து வந்தா தட்டிவிட்டுப் போனார்?

"என்ன தேடுறீர்?"

பின்னால் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"புத்தகத்துக்குப் படம் எடுக்க வந்தனான் அண்ணை."

"ம்ம். சரி, இப்ப உண்மையைச் சொல்லும்."

"உண்மைதான் அண்ணை. படம்தான்."

அவர் என்னை விடவில்லை. என் கையைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார், நான் குனிந்து நின்ற இடத்தைப் பார்த்தார். "இந்தப் பக்கம் வெளிச்சம் காணாது. அங்கால போய் எடும்" என்றார். நானும் அங்கால் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றே அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பயம். யோசித்துப் பார்த்ததில் கணக்கு எனக்குச் சரியாகவே வந்தது. கூடாத ஒட்டுகளை விட்டுக்கொடுக்கிறார், பிடிபட்டால் செத்தவர் தலையில் போடலாம் என்று முப்பத்தொன்றைத் தட்டி வைக்கிறார். சனிக்கிழமைகளில் ஆளில்லாத யார்ட்டுக்கு அவர் தனியாக வந்து போவதாகக் காவலாளி சொல்லியிருந்தான். அதுவும் பொருந்தியது. கிரவீன் அன்ரி சொன்னதும் பொருந்தியது, தெருவில் மற்றவர் சொன்னதும்கூடப் பொருந்தியது. ஒருவரைச் சந்தேகிக்கத் தொடங்கினால் பொருந்தாதது என்று ஒன்று மிச்சமிருக்காது போலிருக்கிறது.

பொஸ்ஸிடம் போய்ச் சொல்லும் தைரியமும் இல்லை. ஆகவே காதும் காதும் வைத்த மாதிரி ஒரு வேலை செய்தேன். புத்தகத்துக்கான லிஸ்றில் முப்பத்தோராம் நம்பருக்கு நேரே, வேலை செய்த காலம் என்ற கட்டத்தில், கிழவர் சேர்ந்த வருடத்தைப் போட்டு, முடிந்த வருடத்துக்குப் பதிலாக "இன்றுவரை" என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டேன். அந்த வரிக்கு மஞ்சள் நிறம் கொடுத்தேன். பொஸ்ஸுக்கு அனுப்பினேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை, புத்தகத்தில் பிழை வரக்கூடாது என்று பார்த்தேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கிழமை பொஸ் கூப்பிட்டு வெளியிலிருந்து சோதனைக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் மதுரைக்காரர். இரண்டு நாள் படுத்தும் குனிந்தும் முப்பத்தோராம் நம்பர் ஒட்டு ஒவ்வொன்றையும் மெஷின் வைத்துப் பார்த்துவிட்டுத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"யாரு அக்கா இதைப் போட்டது?"

"ஏன்?"

"ஒரு பழுது இல்லக்கா. ஊசி முனை அளவு ஓட்டைகூட இல்ல. மத்த நம்பர்ல எல்லாம் ஒண்ணு ரெண்டாவது இருக்கு, இதுல இல்ல. நானும் எவ்வளவோ பார்த்துட்டேன், இப்படி ஒரு கை பார்த்ததில்ல."

தாளில் வாங்கினேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை பொஸ்ஸின் அறையில். என்னையும் கூப்பிட்டார்கள், மொழிபெயர்க்க. யாருக்கு மொழிபெயர்ப்பது, அண்ணைக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே என்று நினைத்துக்கொண்டு போனால், உள்ளே மன்னார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவராகவே வந்து நான்தான் என்று சொல்லியிருக்கிறார்.

"ஊரில போட் கட்டினனான், பதினாறு வருசம் வெல்டிங்" என்றார். "செட்டிபிக்கற் வரேக்க கடலுக்க போயிட்டுது. இஞ்ச சோதினை எடுக்க வேணும் எண்டவை. கைச் சோதினை பாஸ். எழுத்துச் சோதினை இங்கிலீசு, ரெண்டு தரம் பெயில். அண்ணைட்டைப் போய் அழுதனான். அவர் நம்பேல்லை. உண்மையைச் சொல்லும் எண்டவர். சனிக்கிழமை வரச் சொல்லி ரெண்டு தகட்டைத் தந்து, போட்டுக்காட்டும் எண்டவர்."

நான் இங்கிலீஷில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"எத்தினையோ சனிக்கிழமை. பழுதெண்டு மூண்டு ஒட்டை வெட்டி எறிஞ்சவர். பிறகுதான் துறையில போட விட்டவர். நான் போட்டதெல்லாத்தையும் அவரே ரெண்டு தரம் பாக்கிறவர். என்ன நம்பரைத் தட்டுறது எண்டு கேட்டனான். இது ஒருநாளும் கெடாத நம்பர், கெடுத்தீரெண்டா கையை முறிப்பன் எண்டவர்."

பொஸ் அண்ணையைப் பார்த்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். நல்ல மனிதர், அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அண்ணை என்னைத் திரும்பிப் பார்க்காமல், தமிழிலேயே சொன்னார்: "பேப்பரில இருக்கிறதை நான் ஒருநாளும் நம்பினதில்லை. கையைப் பாத்தனான். சொல்லும் பிள்ளை." சொன்னேன்.

ஒட்டு சரிதான், ஆனால் சோதனை பாஸ் பண்ணாதவன் போட்டது, இல்லாத நம்பர், பொய்க் கையெழுத்து. இன்சூரன்ஸ்காரன் கேட்டால் என்ன சொல்வது? அண்ணை அன்றே தன் டோர்ச்சையும் சோக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மன்னாரை மாத முடிவில் நிறுத்தினார்கள். மெல்பேர்னுக்குப் போய்க் கோழி வெட்டும் தொழிற்சாலையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். பிறகு அண்ணையும் மெல்பேர்னுக்கே போனார் என்றார்கள். புத்தகம் வழுவழுத் தாளில் அழகாக வந்தது, நம்பர் லிஸ்ற் இல்லாமல். நன்றி சொன்ன பக்கத்தில் என் பெயர் இருந்தது. மகன் அந்தத் துறையில் ஏறி இறங்கினான்.

அடுத்த வருடம், 2013 இல், ஒரு கல்யாண வீட்டுக்கு மெல்பேர்ன் போனபோது கிரெய்கிபர்னில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். புத்தகத்தில் ஒரு பிரதியையும் கொண்டு போனேன். புதுத் தெரு, சின்ன மரங்கள். கதவைத் திறக்காமல் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். மெலிந்திருந்தார். பழக் களஞ்சியம் ஒன்றில் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை என்றார். மன்னாரும் அவரோடுதான் இருக்கிறாராம், வேலைக்குப் போயிருந்தார்.

"விறைச்ச கோழியோட நிண்டு விரலெல்லாம் மரத்துப்போச்சு அவனுக்கு. என்ன கை அது. விசா முடிவும் இன்னும் வரேல்லை" என்றார்.

குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டார். பாலை மோந்து பார்த்தார். புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாக, மூலையை நகத்தால் கீறிக் கீறிப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தத் துறையின் படம் வந்தது, நான் அங்கால் போய் எடுத்த படம். அதன் மேல் விரலை வைத்தார்.

"ஆர் காட்டிக்குடுத்தது எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது" என்றார். "காவலாளி எண்டு நினைச்சனான். கிரேன்காரன் எண்டு நினைச்சனான். ஒவ்வொருத்தனா எல்லாரையும் நினைச்சுப் பாத்திட்டன். நீரும் பேப்பரெல்லாம் பாத்தனீர். அதால கேக்கிறன். நீரோ பிள்ளை?"

"இல்லை அண்ணை" என்றேன்.

அவர் "ம்ம்" என்றார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அடுத்த வசனம் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் சிட்னியிலிருந்து வந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. அவர் கேட்கட்டும், கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கத் தயாராக இருந்தேன்.

"நீரா இருக்காது எண்டு தெரியும்" என்றார். "கேட்டதுக்குக் கோவியாதையும். தேத்தண்ணி ஆறப்போகுது, குடியும்."

நம்பிவிட்டார். பாலையும் சாம்பாரையும் மெஷினையும் நம்பாத மனிதர், என்னை நம்பிவிட்டார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அவர் இன்னும் ஒரேயொரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.